பேசாத நடைக்கு ஒரு மைக்கம்மா

இருபத்திரண்டு வருடம் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்துப் பேசியே சம்பளம் வாங்கியவளிடம் போய், இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் ஐந்து பேரைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்வா என்றால் அது நடக்கிற காரியமா? நடக்காது என்று அவள் வீட்டுக்காரரே சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

"நீயா? பேசாம இருக்கப்போறியா? தூக்கத்துலயே ரெண்டு பஸ்ஸை வழியனுப்பி வைக்கிற ஆளாச்சே நீ!"

"தண்ணியைக் குடிங்க முதல்ல. இருந்து காட்டுறேன், பாருங்க" என்றாள் அவள்.

ஊரில் அவளுக்கு மைக்கம்மா என்றுதான் பெயர். பேருந்து கிளம்புவதை மட்டுமா சொன்னாள்? குடையை விட்டுவிட்டுப் போனவர், பிள்ளையைத் தவறவிட்டவர், ஏழாம் எண் வண்டிக்கு எட்டாவது மேடையில் நின்று முழிக்கிறவர், எல்லாரையும் அந்தக் குரல்தான் சேரவேண்டிய இடத்தில் சேர்த்தது. போன வருடம் ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பதிவு செய்த குரல். அது தும்மாது, தண்ணீர் கேட்காது, லீவு போடாது. மைக்கம்மாவின் கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்து, கைதட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். நன்றாகத் தட்டினார்கள் போங்கள்!

எட்டு மாதம் வீட்டில் இருந்து பார்த்தாள். துணி துவைக்கிற இயந்திரத்தோடு சண்டை போட்டாள், கொரியர் கொண்டுவருகிறவரை வாசலில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தாள். பேச ஆளில்லை என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். நாலு பேரைப் பத்திரமாக ஓரிடத்துக்கு அனுப்பிவைக்கிற வேலை கையைவிட்டுப் போய்விட்டதே, இனி தன்னால் யாருக்கும் ஆகவேண்டியது ஒன்றுமில்லையே என்பதுதான் அவள் நெஞ்சை அரித்தது. சில நாள் மதியத்தில் காரணமே இல்லாமல் அழுகை வரும்.

அந்த நேரத்தில் வந்தது இந்த வேலை. நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், ஒரு சின்னக் காட்டை ஒட்டி ஒரு விடுதி. இரைச்சல் கேட்டுக் காது புளித்துப்போனவர்கள் அங்கே வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவார்கள். அவர்களை ஏற்றி இறக்குகிற வேன்காரர், நம் மைக்கம்மாவின் வீட்டுக்காரர்தான். "பேசாத நடை" என்று புதிதாக ஒன்று ஆரம்பிக்கிறார்கள், கூட்டிக்கொண்டு போக ஆள் தேடுகிறார்கள் என்று பேச்சுவாக்கில் வந்து சொன்னவரும் அவரே. அவர் சொல்லி முடிப்பதற்குள் இவள் பிடித்துக்கொண்டாள்.

விடுதியின் மேலாளர் கண்டிப்பான பெண்மணி. எதையும் ஒருமுறைக்கு மேல் சொல்கிற வழக்கம் கிடையாது.

"விருந்தாளிங்க ஒரு வார்த்தை பேசிட்டா பரவால்ல. நம்ம ஆளுங்க பேசக்கூடாது. முன்னாடி போற நீங்களோ, கடைசியா வர்ற உங்க வீட்டுக்காரரோ, ரெண்டு பேர்ல யார் வாயைத் திறந்தாலும் அன்னிக்கே முடிஞ்சுது. வேற ஆளைப் பார்த்துக்குவேன். ஞாயித்துக்கிழமை நானும் கூட வர்றேன். அதுதான் உங்களுக்குப் பரீட்சை."

"சரிங்கம்மா" என்றாள் மைக்கம்மா. அவள் பிறந்ததிலிருந்து சொன்ன பதில்களில் ஆகச் சிறியது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் காட்டின் வாசலில் நின்றார்கள். விருந்தாளிகள் மூன்று பேர். ஒருவர் பல் டாக்டர். பகல் முழுக்கத் துளைபோடும் சத்தத்திலேயே வாழ்கிறவர். மற்ற இருவர் அக்கா தங்கை, இருவரும் பள்ளிக்கூட ஆசிரியைகள். அவர்கள் ஏன் அமைதியைத் தேடி வந்தார்கள் என்று சொல்லவே வேண்டாம். அவர்களோடு மேலாளர். கடைசியில், வேனைப் பூட்டிவிட்டு, ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வேன்காரர். ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள் என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! கேட்கிற ஆளா அவர்? மைக்கம்மா தலைகளை எண்ணினாள். ஐந்து. கையை உயர்த்தி, போகலாம் என்று காட்டினாள்.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஆரம்பித்தது பாருங்கள் அவஸ்தை. காடு என்றால் பெரிய காடு இல்லை. ஓங்கிக் கூப்பிட்டால் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்டுவிடும். ஆனால் அதற்குள் எத்தனை விஷயம்! இலைகளுக்கு நடுவே வெயில் சல்லடையில் சலித்த மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு அணில் தன் வால் மேலேயே உட்கார்ந்து எதையோ கொறித்தது. விழுந்து கிடந்த ஒரு அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தது, கல்யாண வீட்டில் அடுக்கிவைத்த தட்டு தோற்றது. "இங்க பாருங்களேன், இதைப் பாருங்களேன்" என்று நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள். விழுங்கி விழுங்கி வயிறே நிறைந்துவிட்டது.

கையால் காட்டினாள். அணிலைக் காட்டினால் பல் டாக்டர் மரத்தைப் பார்த்தார், மரத்தைக் காட்டினால் அவள் விரலைப் பார்த்தார். அக்கா தங்கை இருவரும் மட்டும் பரீட்சைத் தாளில் சரியான விடையைப் பார்த்துவிட்ட மாதிரி தலையாட்டிக்கொண்டே வந்தார்கள்.

காடு முடிகிற இடத்தில் ஒரு கம்பிவேலி. அதைத் தாண்ட மரத்தில் நாலு படி. படிக்கு முன்னால் நின்று மைக்கம்மா மறுபடி எண்ணினாள். ஐந்து. கடைசியில் நின்ற வேன்காரர், விரல்களைக் குவித்து வாய்க்கு முன் மைக் மாதிரி பிடித்து, கண்ணடித்தார். இவள் முறைத்தாள். வீட்டுக்கு வாருங்கள், கவனித்துக்கொள்கிறேன் என்கிற முறைப்பு.

வேலிக்கு அப்பால் வெட்டவெளி. காற்று அப்படியே முகத்தில் வந்து மோதியது. சரிவு முழுக்கப் புல், புல் முழுக்க ஆடுகள். தூரத்தில் ஒரு விவசாயி டிராக்டரை நிறுத்திவிட்டு, "என்னங்க, காலங்காத்தால ஊர்வலமா? யாரைத் தேடுறீங்க?" என்று சத்தம் போட்டார். பதில் சொல்லாமல் போவதா? மைக்கம்மாவுக்கு உடம்பே கூசியது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள், பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி டிராக்டரில் ஏறினார். "மன்னிச்சுக்கங்கய்யா, அப்புறமா வந்து ஒரு மணி நேரம் பேசுறேன்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

குளத்தங்கரையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒரு நாரை ஒற்றைக்காலில் நின்று இவர்களை ஏற இறங்கப் பார்த்தது. பழக்கதோஷத்தில் மைக்கம்மா தலைகளை எண்ணினாள்.

நான்கு.

இன்னொரு தடவை எண்ணினாள். நான்கேதான். வேன்காரரைக் காணவில்லை.

முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை, கோபம். ஓஹோ, அப்படியா சேதி! கல்யாணமான புதிதில் பொருட்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போய், தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இவள் பதறிப்போய்க் கூப்பிட்டபிறகு ஈயென்று இளித்துக்கொண்டு வந்த மனிதர் அவர். அன்றிலிருந்து கடைத்தெரு, ஆஸ்பத்திரி, அக்கா மகள் கல்யாணம் என்று ஒரு இடம் பாக்கி வைத்ததில்லை. இப்போதும் ஏதோ மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, இவள் கத்துவாள், தான் சொன்னதே பலிக்கும் என்று காத்திருக்கிறார். கட்டின பெண்டாட்டியின் வேலையோடு விளையாடுகிற மனிதனை என்ன செய்வது? நீங்க அங்கேயே நில்லுங்க, நான் கூப்பிடவே மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் எங்கே என்று மேலாளர் புருவத்தைத் தூக்கியபோது, பின்னால் வருகிறார் என்று கையைக் காட்டிவிட்டாள்.

குளத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பினார்கள். சரிவில் ஏறினார்கள். அவர் வரவில்லை. வேலிப்படி தாண்டிக் காட்டுக்குள் இறங்கினார்கள். அப்போதும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, இடப்பக்கத்துப் புதருக்கு அப்பாலிருந்து டொக், டொக், டொக் என்று ஒரு சத்தம். மரங்கொத்தி! எல்லாரும் அப்படியே நின்றார்கள். அக்காள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பல் டாக்டர் முகத்தில் பால் குடித்த குழந்தையின் சிரிப்பு. மேலாளர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மைக்கம்மாவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். காட்டின் வாசலுக்கு இன்னும் பத்து நிமிடம்தான். வேலை கிடைத்துவிட்டது என்று அந்தத் தலையசைப்பிலேயே எழுதியிருந்தது. மைக்கம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. நாளையிலிருந்து தனக்குப் பின்னால் மறுபடி மனிதர்கள் நடந்து வருவார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தபோது அதைப் பார்த்தாள். பாதை ஓரத்து முள்செடிக்கு அடியில் ஒரு ரப்பர் செருப்பு. ஒற்றைச் செருப்பு. வார் அறுந்திருந்தது.

விளையாடுகிற மனிதர் முள்ளுக்குள் வெறுங்காலோடு போய் ஒளிய மாட்டார். செருப்பைக் கையில் எடுத்தாள். மேலாளரைப் பார்த்தாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பத்தே நிமிடம். எல்லாரையும் அனுப்பிவிட்டு வந்து தேடலாமா? அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? ஏற்கெனவே ஒரு மணி நேரம் ஆகிறதே! பாழாய்ப்போன கோபத்தில் ஒரு மணி நேரத்தை வீணடித்துவிட்டோமே!

போகட்டும் வேலை என்று மூச்சை இழுத்தாள். பதற்றத்தில் தொண்டைக்கு வேறு வகையில் கூப்பிடத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் பழகின மாதிரியேதான் வந்தது.

"வேன் ஓட்டுநர் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகக் குரல் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்! என்னங்க! எங்கங்க இருக்கீங்க?"

மரத்துக்கு மரம் பறவைகள் எழும்பிப் பறந்தன. பல் டாக்டர் தன் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டார். அடுத்த நொடியே, மரங்கொத்தி தட்டிய அதே இடத்திலிருந்து பதில் வந்தது.

"இங்கதான் இருக்கேன்! காலைத் தூக்க முடியல!"

புதரை விலக்கிக்கொண்டு ஓடினார்கள். புதருக்குப் பின்னால் வறண்டுபோன ஓடை ஒன்று ஆளுயரத்துக்குப் பள்ளமாகக் கிடந்தது. அடியில் வேன்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் சருகு, கணுக்கால் சுரைக்காய் கணக்காக வீங்கியிருந்தது. கையில் ஒரு குச்சி. மற்றவர்கள் வேலிப்படி ஏறும்போது அவசரத்துக்குக் காட்டுக்குள்ளேயே திரும்பி வந்து ஒதுங்கியிருக்கிறார், செருப்பு வார் அறுந்து சறுக்கி விழுந்திருக்கிறார்.

பல் டாக்டர் பள்ளத்துக்குள் இறங்கினார். "நான் பல்லுக்குத்தான் டாக்டர், இருந்தாலும் எலும்பு எலும்புதானே" என்று கணுக்காலைத் தொட்டுப் பார்த்து, முறிவில்லை, சுளுக்குத்தான் என்றார். அக்காளும் தங்கையும் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். கட்டுப்போடத் துணி வேண்டும், வேனில் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, சாவி எங்கே என்று ஒரே களேபரம். மேலாளர் மட்டும் மேட்டிலேயே நின்று மைக்கம்மாவைப் பார்த்தார்.

"கடைசியில பேசிட்டீங்களேம்மா" என்றார்.

"ஆமாங்கம்மா, பேசிட்டேன். நீங்க வேற ஆளைப் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் மைக்கம்மா பள்ளத்தில் இறங்கினாள்.

இறங்கினவள் பிடித்துக்கொண்டாள் பாருங்கள். "ஏங்க, உங்களுக்கு மண்டைக்குள்ள ஏதாவது இருக்கா? நாங்க நடக்கிற சத்தம் கேட்டுச்சில்ல? ஒரு கத்து கத்தித் தொலைச்சிருக்கலாமே! குச்சியால மரத்தைத் தட்டிட்டு உட்கார்ந்திருக்கீங்க! மரங்கொத்தின்னு நினைச்சு நாங்க அங்க நின்னு ரசிச்சிட்டிருக்கோம்!"

"எப்படிக் கத்துறது?" என்றார் வேன்காரர். வலியில் முகம் கோணியிருந்தது. "நான் வாயைத் திறந்தாலும் உன் வேலை போயிடும்னு அந்தம்மா சொன்னாங்கல்ல? போன வாரம் நீ நடக்கிறதுக்குன்னு ஷூ வாங்கிட்டு வந்து, வீட்டுக்குள்ளேயே போட்டுட்டுத் திரிஞ்சியே. நீ அப்படிச் சிரிச்சுப் பார்த்து எத்தனை நாளாச்சு! அதை நானே போய்க் கெடுக்கிறதா?"

மைக்கம்மா அவருக்குப் பக்கத்தில் சருகு மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வேலை போயிடுச்சுங்க" என்றாள்.

"போயிடுச்சா?"

"நான்தான் கத்திட்டேனே."

வேன்காரர் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அப்ப, ஒரு மணி நேரமா இங்க உட்கார்ந்து இவ்வளவு எறும்புக்கடி வாங்கினேனே, அதெல்லாம் வீணா?"

அவருடைய காலரில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு எறும்பை அவள் எடுத்துப் போட்டாள்.

"வீணில்லைங்க" என்றாள். எந்த மழையிலும் எந்தக் கூட்டத்திலும் ஒரு நாளும் தடுமாறாத அந்தக் குரல் அந்த ஒரு வார்த்தையில் உடைந்துபோனது.