நாற்பத்தாறு சென்டிமீட்டர்

பத்தரை மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவர், பன்னிரண்டாகியும் நிமிரவில்லை. என் கணவர் பார்த்தசாரதி இடது கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. துறைமுகத்தில் முப்பத்துநாலு வருஷம் இன்ஜினியராக இருந்த மனிதர். ஒற்றைக் கட்டிலுக்கு எவ்வளவு மரம் வேண்டும் என்று பார்க்க ஒன்றரை மணி நேரம். குழம்பைக் கிளறுகிற சாக்கில் நான் எட்டி எட்டிப் பார்த்தேன்.

பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. எங்கள் டாலிகஞ்ச் வீட்டுக் கட்டில் இந்த வங்காளத்துப் பழங்காலக் கட்டில், அடியில் இரண்டு டிரங்குப் பெட்டி நுழையும் உயரம். அதில் உட்கார்ந்தால் அவர் கால் தரையைத் தொடாது. பாத்ரூம் போக என்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். பிஸியோதெரபிக்கு வரும் ஸ்னேகாதான், உட்காரும் உயரம் நாற்பத்தாறு சென்டிமீட்டர் இருந்தால் அங்கிள் தானாகவே எழுந்துவிடுவார் என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை கணக்கும்.

தச்சர் ரஞ்சன் மிஸ்திரிக்குச் சென்டிமீட்டர் ஆகாது. இஞ்சில் அளவும், எத்தனை கன அடி மரம் என்றும் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். நாற்பத்தாறை இரண்டு புள்ளி ஐந்து நாலால் வகுத்தேன். பதினெட்டு இஞ்ச், கொஞ்சம் கூட. அதற்குள் இவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நான்" என்றார். ஒரே வார்த்தை.

அவர் பால்கனியில் கண்ணயர்ந்ததும் எடுத்துப் பார்த்தேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் முறை சரி: நீளத்தை அடியாக்கி, அகலத்தையும் கனத்தையும் இஞ்சிலேயே வைத்து, மூன்றையும் பெருக்கி நூற்றுநாற்பத்துநாலால் வகுத்திருந்தார். மொத்தம் மூன்றேகால் கன அடி. ஆனால் கட்டில் கால் நாலும் மூன்றுக்கு மூன்று, நீளம் பன்னிரண்டு இஞ்ச் என்று இருந்தது. பதினெட்டு அல்லவா? போன வாரம்தான் வீட்டு பின்கோடையே தப்பாகச் சொன்னார். பேச்சோடு எண்ணும் போய்விட்டதா இவருக்கு?

சிவப்புப் பேனாவால் பன்னிரண்டை அடித்துப் பதினெட்டு என்று எழுதினேன். கால்குலேட்டரில் தட்டி, மொத்தத்தில் புள்ளி ஒன்று இரண்டு ஐந்து ஏற்றினேன். முப்பது வருஷம் வங்கியில் செக் பாஸ் செய்தவள் நான். திருத்தியிருந்து, எழுதினவர் கையெழுத்து பக்கத்தில் இல்லையென்றால் எந்தக் கொம்பனுடைய செக்காக இருந்தாலும் திருப்பி அனுப்புவேன். வீட்டில் அந்தச் சட்டம் எங்கே போயிற்றோ. அவர் மனசு நோகக்கூடாது என்றுதான் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். கேட்டால் பதில் தெரியாமல் விழிப்பாரோ என்ற பயம், அதுதான் உண்மை.

இரண்டு வாரம் கழித்துக் கட்டில் வந்தது. ரஞ்சன் பூட்டி நிறுத்தினார், நான் மெத்தையைப் போட்டேன். இவரைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தோம்.

கால்கள் தொங்கின.

ரஞ்சன் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். "பவுதி, தாதா பன்னெண்டுன்னுதானே எழுதியிருக்கார்? இந்தச் செவப்பு யாரோடது?" என்று வங்காளத்தில் கேட்டார். அவருக்கு நான் பவுதி, அதாவது அண்ணி; இவர் தாதா, அண்ணன்.

இவர் இடது உள்ளங்கையை மெத்தைமேல் வைத்து அழுத்தினார். "மெத்தை... ஆறு."

பன்னிரண்டும் ஆறும் பதினெட்டு. ஒன்றாம் வகுப்புக் கூட்டல். ஸ்னேகா சொன்னது உட்காரும் உயரம். நான் மரத்தை மட்டும் அளந்திருந்தேன். வெட்கத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன்னா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"நீ... கேட்டியா?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ரஞ்சன் கட்டிலைச் சாய்த்து, நாலு காலிலும் ஆறு ஆறு இஞ்ச் அறுத்தெடுத்தார். நாலு துண்டும் மரத்தூளில் கிடந்தன. நாற்காலியிலிருந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர், "புள்ளி ஒண்ணு... ரெண்டு... அஞ்சு" என்றார். காகிதம் இல்லை, பென்சில் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுபடி மெத்தை போட்டு உட்கார வைத்தோம். இந்தத் தடவை இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. நான் காகிதத்தில் பதினெட்டை அடித்து, பன்னிரண்டு என்று எழுதி, பேனாவை அவரிடம் நீட்டினேன். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கோ."

வாங்கவில்லை. "தப்பு ஒன்னோடது. நீ போடு."

குனிந்து போட்டேன். நிமிர்ந்தபோது அவர் இடது கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றி முன்னால் சாய்ந்திருந்தார். என் கை தானாக அவர் பக்கம் போயிற்று. பாதி வழியில் அதை நிறுத்தி, பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் மெத்தையை விட்டு எழும்பத் தொடங்கினார்.