வெள்ளிக்கிழமை மசோதா

எழிலரசி எம்.பி. ஆன நான்கு வருஷத்தில் ஒரு டஜனுக்குக் குறையாமல் மசோதா கொடுத்துவிட்டாள். ஒன்றாவது சட்டமானதா என்றால், இல்லை. ஆகாது என்று அவளுக்கும் தெரியும். அமைச்சர் கொண்டுவந்தால்தான் மசோதாவுக்கு மரியாதை. சாதாரண உறுப்பினர் கொண்டுவந்தால் அது வெள்ளிக்கிழமை மத்தியானத்துச் சமாசாரம். அந்த நேரத்துக்கு அவையில் பாதிப் பேர் ஊருக்கு விமானம் ஏறப் போயிருப்பார்கள், மீதிப் பேருக்குச் சாப்பாட்டுக் களைப்பு. முதல் தடவை ஜெயித்து வந்தவர்கள்தான் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள், பாவம்.

ஊரில் இதையெல்லாம் யார் விளக்கிச் சொல்வது? மசோதா தாக்கலாயிற்று என்று தெரிந்த மறுநாளே சேரன் போஸ்டர் அடித்துவிடுவான். சேரன் அவளுடைய உதவியாளன். அவள் சிதம்பரம் கோர்ட்டில் வக்கீலாக இருந்த காலத்திலிருந்து கூடவே இருப்பவன். தேரோடும் வீதி நான்கிலும் 'நாடாளுமன்றத்தை அதிரவைத்த' எழிலரசி கும்பிட்டபடி சிரிப்பாள். தாக்கல் செய்வதென்றால் எழுந்து நின்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்காருவதுதான், அதில் அதிர ஒன்றுமில்லை. போஸ்டரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சமாக இருக்கும். கிழிக்கச் சொல்ல மட்டும் வாய் வராது. அவள் தெருவிலிருந்து கலெக்டர் ஆபீசுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தவர் அவளுக்கு முன்னால் எவருமில்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிக் கிழிப்பது?

அந்த டஜனில் ஒன்று மட்டும் அவள் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. அதைக் கொண்டுவந்து வைத்தவள் அஞ்சம்மாள்.

அஞ்சம்மாள் பெரியாண்டிக்குப்பத்துக்காரி. கடலூருக்குத் தெற்கே கடலோரத்துக் குப்பம் அது. கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுன் மார்க்கெட்டில் மீன் விற்பாள். அவள் புருஷன் 2005 அக்டோபரில் கடலுக்குப் போனவன். புயல் அடித்தது, படகு உடைந்து ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை.

"சுனாமில போனவங்களுக்கெல்லாம் ஒடம்பு கெடைக்காட்டியும் எழுதிக் குடுத்தாங்கம்மா. எங்க வூட்டுக்காரரு பத்து மாசம் பொறுத்துப் போனாரு. அது ஒரு குத்தமா?" என்று கேட்டாள்.

உடல் கிடைக்காதவன் இறந்தான் என்று எழுத வேண்டுமானால் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். சட்டம் அப்படி. அவள் மகள் சினேகாவுக்குச் சிதம்பரத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் தகப்பனில்லாத பிள்ளைகளுக்கான இடம் கிடைத்திருந்தது. அப்பா இறந்த சர்டிபிகேட்டை டிசம்பர் முடிவதற்குள் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். 2012 வரைக்கும் எந்தக் கல்லூரி காத்துக்கொண்டிருக்கும்?

எழிலரசி வக்கீல் இல்லையா, அவள் கண் அஞ்சம்மாளின் நெற்றிக்கும் கழுத்துக்கும் போனது. பெரிய குங்குமப் பொட்டு, மஞ்சள் கயிறு.

"நீங்களே இதெல்லாம் எடுக்கலையே. அப்புறம் ஆபீசர் எப்படி எழுதிக் குடுப்பாரு?"

"ஊருலயும் மூணு வருசமா இதத்தாம்மா சொல்றாங்க. ஆளக் கண்ணால பாக்காம எப்பிடி அறுக்கறது? கவுருமெண்டு எழுதிக் குடுக்கட்டும், அப்ப அறுக்கறேன். அது வரைக்கும் அவரு வருவாருன்னுதான் வச்சிருக்கேன்."

காகிதத்தில் புருஷன் செத்திருக்க வேண்டும், கழுத்தில் உயிரோடு இருக்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகப் படலாம். எழிலரசிக்குப் படவில்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். கடலில் காணாமல் போன மீனவர்களை ஒரு வருஷத்தில் இறந்தவராகக் கொள்ள வேண்டும் என்பதுதான் மசோதா.

சட்டமாகாது என்றால் எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். அதற்கும் ஒரு வழி உண்டு. விவாதத்துக்கு மசோதா வந்துவிட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். 'உறுப்பினரின் கவலை நியாயமானது, மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புகிறோம், மசோதாவைத் திரும்பப் பெறுங்கள்' என்பார். இவளும் திரும்பப் பெறுவாள். மசோதா செத்துப்போகும், சுற்றறிக்கை பிழைத்துக்கொள்ளும். அமைச்சகத்து அதிகாரி ஒருவரை நடையாய் நடந்து பார்த்து, அப்படியே ஒரு பதிலையும் தயாராக வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டாள். பிறகு குலுக்கல். யார் மசோதா முதலில் என்பதைக் குலுக்கித்தான் எடுப்பார்கள். டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு அவள் பெயர் முதலாவதாக விழுந்தது.

அவள் சந்தோஷத்தில் ஒரு தப்புச் செய்தாள். சேரனுக்குப் போன் போட்டு, "குப்பத்துல சொல்லு, வெள்ளிக்கிழம மூணரைக்கு டிவில நம்ம மசோதா வருது, பாக்கச் சொல்லு" என்றாள். இது வெறும் விவாதம்தான், இதற்குமேல் நிறைய இருக்கிறது என்று சொல்லச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் போஸ்டர்களுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று யாராவது கேட்பார்களே!

வெள்ளிக்கிழமை காலையில் கட்சியின் கொறடா எல்லாரையும் கூப்பிட்டார். தலைமையிலிருந்து உத்தரவு. இன்று முழுக்க அவை நடக்கக் கூடாது, எல்லாரும் நடுவில் இறங்கிக் கோஷம் போட வேண்டும்.

"அண்ணே, மூணரைக்கு என் மசோதாண்ணே. அது வரைக்கும் கத்துறேன். அப்ப மட்டும் ஒரு அரமணி நேரம் விட்டுடச் சொல்லுங்க."

கொறடா நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. "ஏம்மா, தேர்தல் வருது. உனக்குத் திரும்ப சீட்டு வேணுமா, மசோதா வேணுமா?"

சீட்டு இருந்தால் மசோதாவை மறுபடி கொண்டுவரலாம் என்று அவள் தனக்குத்தானே வாதாடிக்கொண்டாள். எத்தனை கேஸ் நடத்தியவள், தன் கேஸில் தோற்பாளா? மூன்றரை மணிக்கு அவைத்தலைவர் அவளுடைய மசோதாவின் பெயரைப் படித்தார். அவள் தன் இடத்தில் இல்லை. தலைவரின் மேஜைக்கு முன்னால், கையில் அட்டையோடு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அவர் அவளை ஒருமுறை பார்த்தார், மசோதாவைக் கொடுத்தவளே இப்படி நிற்கிறாளே என்பதுபோல. அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டு இன்னும் பலமாகக் கத்தினாள். அவை ஒத்திவைக்கப்பட்டது. எல்லாரும் எழுந்து போனார்கள். அமைச்சர் அந்தப் பதிலை மடித்துக் கோப்புக்குள் செருகியதை அவள் பார்த்தாள்.

மறுநாள் சேரன் போனில் குதித்தான். "அக்கா, குப்பத்துல உங்களுக்கு மால போடணும்னு நிக்கிறாங்க. டிவில பாத்தாங்களாம்!"

எதற்கு மாலை என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டிவியில் முகத்தைப் பார்த்த சந்தோஷமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். நேரில் போய் அஞ்சம்மாளிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம், கல்லூரியில் நாமே பேசி ஆறு மாசம் தவணை வாங்கித் தரலாம் என்று நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுக்கச் சொன்னாள்.

குப்பத்து முகப்பில் வெடி வெடித்தது. ஊர்த்தலைவர் கலியபெருமாள் ஆளுயர மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அம்மா! என்னா கத்து, என்னா கத்து! எங்களுக்கு ஒரு வார்த்த வெளங்கல. ஆனா அத்தன ஆம்பளைங்களுக்கு நடுவுல எங்க அஞ்சம்மாளுக்காவ நீங்க அந்தக் கத்து கத்தறீங்க, அந்தப் பெரியவரால பதில் பேச முடியல, எழுந்திரிச்சிப் பூட்டாரு பாருங்க! அப்பவே சொன்னேன், சட்டம் வந்திடிச்சின்னு."

எழிலரசிக்கு மாலையின் ஈரம் கழுத்தில் சில்லென்று இறங்கியது. "அஞ்சம்மா எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"வூட்லதாம்மா. வெளிய வரக் கூடாது இல்ல."

சுனாமிக் குடியிருப்பின் கடைசி வீடு. உள்ளே அஞ்சம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. வளையல் உடைத்த இடத்தில் மணிக்கட்டு கீறியிருந்தது. கழுத்தில் கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. பக்கத்தில் சினேகா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"வாம்மா" என்றாள் அஞ்சம்மாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "நேத்து விடியக்காலம் பொம்பளைங்கள்லாம் கடலுக்கு அழச்சிக்கிட்டுப் போனாங்க. கடல்ல போனவருக்குத் தாலிய அறுத்துக் கடல்லயே வுட்டுறதுதான் எங்க வழக்கம். வுட்டுட்டேன். இவ்வளவு நாளு ஊரு சொல்லி நா கேக்கல. டில்லியே சொல்லிடிச்சி, அப்பறம் நா மட்டும் வருவாரு வருவாருன்னா, பைத்தியம்னுதான சொல்லுவாங்க?" மகளின் தலையைத் தடவினாள். "இதுக்கு சர்டிபிகேட்டு எப்பம்மா கைக்கு வரும்?"

வெளியே சேரன் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். எழிலரசி மாலையைக் கழற்றிக் கீழே வைத்தாள். ஒரு பொய் போதும், இன்றைக்குத் தப்பித்துவிடலாம். டெல்லியிலிருந்து வர நாளாகும் என்றால் நம்பிவிடுவாள். வாய் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெளுத்த கழுத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் முடியவில்லை.

"அஞ்சம்மா, நான் கத்துனது வேற விஷயத்துக்கு. கட்சி சொல்லிச்சு, கத்துனேன். நம்ம மசோதாவ எடுக்கவே இல்ல. எடுக்க விடாம பண்ணதுல நானும் ஒருத்தி. சட்டம் எதுவும் வரல."

சினேகா நிமிர்ந்து பார்த்தாள். அஞ்சம்மாளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"வரலியா?"

"வரல."

"அப்ப டில்லில அவரு செத்துட்டார்னு சொல்லல?"

"இல்ல."

அஞ்சம்மாளின் கை மெல்ல மேலே போய் வெறுங்கழுத்தைத் தடவியது. தேடியது. பிறகு எழிலரசியின் புடவையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"அய்யோ, உசுரோட இருக்கற மனுசனுக்கா நா தாலிய அறுத்துட்டேன்?"