மேசைமேல் வைத்த பெட்டி

அந்த ஒயின் கம்பெனியில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் ‘குண்டு பாட்டில் மேடம்’ என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபம் வரவில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. பின்னே? பத்தோடு பதினொன்றாகக் கடை அலமாரியின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த சிவப்பு ஒயினை, தடித்த கண்ணாடியில், அடியில் கட்டைவிரல் முழுக்கப் புதையும் குழியோடு, கைக்குழந்தையைப்போல் தாங்கிப் பிடிக்க வேண்டிய பாட்டிலில் அடைத்து, விருந்துக்குப் போகிறவர்கள் பெருமையாகத் தூக்கிக்கொண்டு போகும் பொருளாக மாற்றியவள் அவள்தானே. ‘கையில் எடுத்தாலே தெரியும்’ என்ற விளம்பர வாசகமும் அவள் எழுதியதுதான்.

அவள் அங்கே வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே அவளுடைய சொந்த அண்ணன் அதே கம்பெனியின் பேக்கிங் ஹாலில் இருந்தான். பெட்டி ஏற்றுகிறவர்களுக்கு மேஸ்திரி. அவள் சேர்ந்த முதல் நாள் முதலாளியம்மா அவளை ஹாலுக்கு அழைத்துப்போய், “இவர்தான் நம்ம மேஸ்திரி. இவர் இல்லேன்னா ஒரு லாரி கிளம்பாது” என்று அறிமுகம் செய்தார்.

‘எங்க அண்ணன்தான்’ என்று சொல்ல வாயெடுத்தாள். கூட வந்த அதிகாரிகளின் பளபளத்த ஷூக்கள் கண்ணில் பட்டன. அண்ணனுடைய நீலச் சட்டையின் கிழிந்த பாக்கெட்டும் பட்டது. வாய் தன்பாட்டுக்கு “வணக்கம்” என்றது. அண்ணன் கண்ணைக்கூட இமைக்கவில்லை. “வாங்க மேடம்” என்றான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அதை நடித்துக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “விடு. அண்ணன் சிபாரிசுல வந்தவள்னு உன்னை எவனும் சொல்லக் கூடாது. அப்படியே இருக்கட்டும்” என்றான். அவள் தேடிக்கொண்டிருந்த சாக்கை அவனே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான். அவளும் இறுகப் பிடித்துக்கொண்டாள். முதல் நாள் சொல்லாமல் விட்டதை மறுநாள் சொல்வதே சிரமம். வருஷக்கணக்கில் சொல்லாமல் விட்டதை எந்த முகத்தோடு சொல்வது?

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் முதலாளியம்மா பாட்டிலை மாற்ற வேண்டும் என்றார். கண்ணாடித் தொழிற்சாலையிலிருந்து மெல்லிய பாட்டில் ஒன்று மாதிரிக்கு வந்திருந்தது. அதே உயரம், அதே தோள், அதே பச்சை. எடையில் மட்டும் பழைய பாட்டிலில் பாதிதான் இருக்கும். கண்ணாடி உருக்க எரிபொருள் குறைவு, ஒரே லாரியில் கூடுதல் பெட்டி போகும், வெளிநாட்டுக் கடைக்காரர்களும் கனமான பாட்டிலைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள் என்று அவர் அடுக்கினார்.

அவளுக்குத் தன் பிள்ளையை யாரோ குறை சொன்னதுபோல் சுருக்கென்றது. “லேசான பாட்டில்ல ஊத்தினா லேசான ஒயின்னுதான் ஜனங்க நினைப்பாங்க” என்று வரிந்துகட்டிக்கொண்டு பேசினாள்.

லாரிகளைக் கவனிக்கும் அதிகாரி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். “ஹால்ல இருக்கிறவங்களுக்கும் தோள்பட்டையெல்லாம் போயிடுதும்மா. அதையும் கொஞ்சம் யோசிக்கணும்.”

“யாராவது உங்ககிட்ட வந்து சொன்னாங்களா? நீங்களா கற்பனை பண்ணிக்கிட்டா எப்படி சார்?” சொற்கள் நாக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்விட்டன.

“அதுக்கென்ன, கூப்பிட்டே கேட்டுடுவோம்” என்றார் முதலாளியம்மா. “மேஸ்திரியை வரச் சொல்லுங்க.”

போன வாரம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அண்ணி பின்னால் நின்று அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். இடது கை தோளுக்கு மேல் போகவில்லை. ‘தூக்கத்துல பிசகிடுச்சு’ என்று அவன் சொன்னான். அவளும் நம்பினாள், நம்புவது வசதியாக இருந்தது.

அண்ணன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். கம்பளத்தை மிதிக்கலாமா கூடாதா என்பதுபோல் ஓரமாகவே நின்றான்.

“மேஸ்திரி, மறைக்காம சொல்லுங்க. இந்தப் பாட்டில் பெட்டியெல்லாம் ஏத்தி இறக்கக் கஷ்டமா இருக்கா?”

அவன் மேசையைப் பார்த்தான். இரண்டு பாட்டில்களும் அருகருகே நின்றன. கனமான பாட்டிலை அவள் கை பற்றியிருந்தது. ஒரே பார்வையில் அவனுக்குப் புரிந்துவிட்டது, யார் எந்தப் பக்கம் என்று.

“கஷ்டமெல்லாம் ஒண்ணும் இல்லீங்கம்மா. பழகிப்போச்சு” என்றான். அதோடு விட்டிருக்கலாம். அறை மூலையில் பழைய பாட்டில் நிரம்பிய பெட்டி ஒன்று இருந்தது. விறுவிறுவென்று போய் அதை எடுத்து, நெஞ்சோடு அணைத்து, மேசைமேல் வைத்துக் காட்டினான். வைத்தபோது அவன் இடது கை காற்றில் கொடிபோல நடுங்கியது. முகம் மட்டும் சிரித்தது.

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, அறை முழுவதற்கும் கேட்கும்படி, “பாத்தீங்கள்ல?” என்றாள்.

முதலாளியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். “சரி, பாக்கலாம்” என்று கூட்டத்தைக் கலைத்தார். அண்ணன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டியபோது அண்ணிதான் திறந்தாள். உள்ளே அண்ணன் சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தான். தோளில் வெந்நீர்ப் பை. அறையெங்கும் தைல வாடை.

“வா. உங்க அண்ணன் இன்னிக்கு ஆபீஸ்ல வீரம் காட்டியிருக்காரு” என்றாள் அண்ணி. “எவனோ பெரிய மனுஷன் முன்னாடி பெட்டியைத் தூக்கிக் காட்டினாராம். வலியில முனகுறாரு, பேரை மட்டும் சொல்ல மாட்டேங்குறாரு. நீயும் அங்கதானே இருக்கே, எந்தப் புண்ணியவான் அது?”

அண்ணன் முகத்தைத் திருப்பாமலே, “பேச்சை விட்டுட்டு அவளுக்குக் குடிக்க ஏதாவது கொடு” என்றான்.

கொடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்திருந்தாள். ‘நான்தான் அண்ணி’ என்று சொல்ல எத்தனையோ முறை உதடு பிரிந்தது. சொல்லாமலே எழுந்து வந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. சொல்லக் கூடாத இடத்தில் அத்தனை சாமர்த்தியமாகப் பேசிய நாக்கு அது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் நேரே பேக்கிங் ஹாலுக்குப் போனாள். பாட்டில்களை நகர்த்தும் பெல்ட்டை நிறுத்தியிருந்தார்கள். லேபிள் ஒட்டும் பெண்கள் ஒரு பக்கம், பெட்டி ஏற்றும் ஆட்கள் ஒரு பக்கம். அண்ணன் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடது கை மடியில் கிடந்தது.

அவள் நடுவில் போய் நின்றாள். “எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். இவர் என் கூடப் பிறந்த அண்ணன். இத்தனை நாளா நான் சொல்லல. தப்பு என்னோடது.”

ஹால் கசமுசவென்று பேசிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தாள். அவர்களோ ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லேபிள் பெண்களில் மூத்தவள், எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவள், மெதுவாகச் சொன்னாள்:

“எங்களுக்கு அப்பவே தெரியும் மேடம். ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. சிரிச்சா ஒரே பக்கம் கன்னம் குழியுது. மேஸ்திரி மனசு நோகக் கூடாதுன்னுதான் நாங்க யாரும் வாயைத் தொறக்கல.”

அண்ணன் சாப்பாட்டில் வைத்த கை அப்படியே நின்றது. தங்கள் இருவரைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது என்று இத்தனை காலம் நினைத்திருந்தான். தங்கையின் கௌரவத்தைத் தான் ஒளித்துக் காப்பாற்றுவதாக நினைத்திருந்தான். இப்போது பார்த்தால், ஹால் மொத்தமும் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. ‘மேடம்’ என்று அவன் கும்பிட்ட ஒவ்வொரு தடவையும் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் தலையைக் குனிந்திருக்கிறார்கள்.

டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து லாரிகள் நிற்கும் பக்கம் போனான். அவள் பின்னாலேயே ஓடினாள்.

“அண்ணா...”

“யார் உன்னைச் சொல்லச் சொன்னது?” குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “உனக்கு மனசு உறுத்திச்சு, வந்து கொட்டிட்டே. உன் பாரம் இறங்கிடுச்சு. இனிமே அவங்க முகத்தை நான் எப்படிப் பாக்குறது? தங்கச்சிக்கே இவனைச் சொல்லிக்கப் பிடிக்கலன்னு... போ. போய் உன் வேலையைப் பாரு.”

அங்கிருந்து முதலாளியம்மாவின் அறைக்கு எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். லேசான பாட்டிலுக்கு இனித் தான் குறுக்கே நிற்கப்போவதில்லை என்றாள்.

“அதை நேத்தே முடிவு பண்ணிட்டேன். கண்ணாடிக்காரங்களுக்கும் சொல்லியாச்சு” என்றார் அவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. “கஷ்டமில்லேன்னு அவர் சொன்னதை நான் நம்பிட்டேன்னா நினைச்சே? பெட்டியை வைக்கும்போது கை நடுங்கிச்சே. நீ பாக்கலையா?”

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் தப்பித்துவிடலாம்.

“பாத்தேன்” என்றாள்.

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புதிய பாட்டிலை விற்கும் வேலை அவள் தலையில்தான் விழுந்தது. போன கடையிலெல்லாம் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “என்ன மேடம், தக்கையா இருக்கு? ‘கையில் எடுத்தாலே தெரியும்’னு நீங்கதானே சொன்னீங்க?” என்று அவள் வாசகத்தையே அவள்மேல் எறிந்தார்கள். “சொன்னேன். உள்ள இருக்கிறது அப்பவும் இதே ஒயின்தான்” என்று சொல்லிவிட்டு நின்றாள். சிலர் வாங்கினார்கள், சிலர் வாங்கவில்லை.

அண்ணன் வீட்டுக்கு இரண்டு தடவை போனாள். அண்ணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் சண்டை போடவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. அண்ணன் டாக்டரிடம் போயிருப்பதாகச் சொன்னாள். போயிருந்தானோ, உள்ளறையில்தான் இருந்தானோ. அதன்பிறகு அவளுக்குக் கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. ஹாலில் எதிர்ப்பட்டால் அவன் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். அந்த வழியில் நடப்பதைவிடச் சுவரேறிக் குதிக்கலாம்போல இருந்தது.

மெல்லிய பாட்டில்களின் முதல் லாரி கிளம்பும் நாள் ஹாலில் ஆள் போதவில்லை. அவள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே பெட்டிகளைத் தூக்கி அடுக்கத் தொடங்கினாள். உண்மையிலேயே லேசாகத்தான் இருந்தன. அந்த வேகத்தில் ஒரு பெட்டியை ஓரம் பார்க்காமல் மேல்வரிசையில் தள்ளினாள். அது சரிந்து கீழே விழுந்தது. உள்ளே கண்ணாடி நொறுங்கும் ஓசை. சிவப்பு ஒயின் அட்டையைக் கிழித்துக்கொண்டு அவள் செருப்பை நனைத்தது.

“ஏய்! அறிவிருக்கா உனக்கு?” அண்ணனின் குரல் ஹாலின் மறுகோடியிலிருந்து இடிபோல வந்தது. “லேசா இருந்தா பந்து மாதிரி எறியச் சொன்னாங்களா? மூலைக்கு மூலை சேத்து வைக்கத் தெரியலேன்னா எதுக்கு வந்து கையை வைக்கிறே? தள்ளு அந்தப் பக்கம்!”

கம்பெனியின் பெரிய அதிகாரி, எல்லார் முன்னாலும், காது மடல் சிவக்க, தலையைக் குனிந்துகொண்டு தள்ளி நின்றாள். லேபிள் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் துடைப்பத்தோடு வந்தான். அவள் வாங்கக் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை, குனிந்து தானே வலது கையால் கண்ணாடிச் சில்லுகளை ஒதுக்கினான்.

“கால்ல ஏதாவது குத்திச்சா?” என்றான், நிமிராமல்.

“இல்ல.”

“வீட்டுக்கு ஏன் வர்றதில்லேன்னு அண்ணி கேட்டா.”

“வரேன்” என்றாள். அவன் முகத்தைப் பார்க்க இன்னும் தெம்பு வரவில்லை. தரையில் பரவிக்கொண்டிருந்த ஒயினையே பார்த்தபடி, அவன் ஒதுக்கி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.