மச்சானின் ஹோட்டல்

சனிக்கிழமை பின்னேரம் குகதாசன் மறுபடியும் வீடியோவைப் போட்டுவிட்டார். குசினியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கலாவதிக்கு எரிச்சல் மூண்டது. அந்த ஆண்டு, 1988 கோடையில், சுவிஸ் மலைக் கிராமமொன்றில் எடுத்த படம் அது. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் அதைப் பார்க்காத தமிழர் யாரும் மிச்சமில்லை. பச்சைப் புல்வெளி, கழுத்தில் மணி கட்டிய மாடுகள், சன்னல்தோறும் சிவப்புப் பூக்கள். கடைசியில் மூன்று மாடி மரக் கட்டடமொன்றின் முன்னால், அவளுடைய தம்பி அருள்நேசனின் தோளில் கைபோட்டபடி குகதாசன் நிற்பார்.

"இதுதான் என்ர மச்சான்ர ஹோட்டல்."

அன்று படம் பார்க்க வந்தவர்கள், குகதாசனோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் கணேசலிங்கமும் மனைவி தவமலரும்.

"சொந்த ஹோட்டலோ?" என்று வாயைப் பிளந்தார் கணேசலிங்கம்.

"பின்னை?"

கலாவதி தேநீர்த் தட்டைச் சற்றுச் சத்தமாகவே மேசையில் வைத்தாள். அந்த ஹோட்டலில் அருள்நேசன் கோப்பை கழுவுகிறான். அகதியாகப் போய் மூன்று வருடம். சலவை அறைக்கு மேலே ஒரு சின்ன அறைதான் அவன் வீடு. கோடையில் அக்காவும் அத்தானும் போய்ப் பத்து நாள் அதில் தங்கினார்கள். அவனோ உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்தான். ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் அத்தானுக்கு வழிகாட்டியாக மலை ஏறினான். வீடியோவில் அதெல்லாம் இல்லை.

"அப்ப ஐசே, கிறிஸ்மசுக்கு நாங்களும் வாறம். பனியில அந்த இடத்தைப் பாக்கோணும்," என்றார் கணேசலிங்கம்.

குகதாசன் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தலையாட்டினார். அவர்கள் போனதும் கலாவதி பிடித்துக்கொண்டாள்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கோ. அங்க போய் என்ன செய்யப்போறியள்?"

"நீர் சும்மா இரும். சீசன், ஹோட்டல் நிரம்பிப்போச்செண்டு சொல்லி வேற இடத்தில அறை எடுப்பம். மச்சானை நாங்கள் ரெண்டுபேரும் தனியப் போய்ச் சந்திப்பம்."

ஒரு பொய்யை மூட எத்தனை பாய்கள் விரிக்கவேண்டும் என்று அவளுக்கு அலுத்துப்போனது.

மார்கழியில் போனபோது அது வேறு ஊராக இருந்தது. புல்வெளி இருந்த இடம் தெரியவில்லை. மாடுகளைத் தொழுவத்தில் அடைத்துவிட்டிருந்தார்கள். சில்லுகளில் சங்கிலி பூட்டிய மஞ்சள் பஸ் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. மூன்று மணிக்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. தவமலர் ஒவ்வொரு வளைவிலும் "என்ன வடிவு!" என்றாள். கலாவதிக்கு வடிவு தெரியவில்லை. இந்தக் குளிரில் தம்பி என்ன பாடுபடுகிறானோ என்றே மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை நால்வரும் கேபிள் கார் ஏறப் புறப்பட்டார்கள். ஹோட்டலின் முன்பக்கத்தைத் தவிர்க்க நினைத்துக் குகதாசன் பின் ஒழுங்கையால் கூட்டிப்போனார். அங்கேதான் வந்தது வினை. முழங்கால் அளவு பனியில் ஒருவன் குசினிக் குப்பைத் தொட்டிகளைச் சறுக்குப் பலகையில் ஏற்றி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டிருந்தான். நடையைப் பார்த்ததுமே கலாவதி அடையாளம் கண்டுகொண்டாள்.

"எங்கட தமிழாள் போல கிடக்கு," என்றாள் தவமலர்.

அருள்நேசனும் அவர்களைக் கண்டுவிட்டான். முகம் மலர்ந்து கையை உயர்த்தினான்.

"அது ஆரோ வேலைக்காரன். வாங்கோ, நேரமாகுது," என்றார் குகதாசன்.

காற்றில்லாத அந்தக் காலையில் அது அவனுக்கும் தெளிவாகக் கேட்டது. உயர்ந்த கை இறங்கியது. தலையைக் குனிந்துகொண்டு மறுபடி கயிற்றை இழுத்தான்.

கலாவதி பனிக்குள் இறங்கினாள். சப்பாத்துக்குள் பனி நுழைந்ததையும் பொருட்படுத்தாமல் போய், தம்பியின் தோளிலிருந்த கயிற்றைத் தானும் பிடித்தாள். அவன் விரல்கள் வெடித்து, பிளாஸ்டர் சுற்றியிருந்தன.

"இது ஆரோ இல்லை, கணேசலிங்கம் அண்ணை. என்ர கூடப்பிறந்தவன். இந்த ஹோட்டல் இவன்ரயில்லை. இவன் இஞ்ச கோப்பை கழுவுறான்."

கணேசலிங்கம் குகதாசனைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் ஐசே, என்னட்டப் போய் இதை மறைச்சனீர்? நானும் லண்டனுக்கு வந்த புதிசில பெற்றோல் ஸ்ரேசனில நிண்டனான்தானே!"

குகதாசனின் காது சிவந்தது. "ஒரு பெருமைக்குச் சொன்னது. இதால ஆருக்கு என்ன நட்டம்?"

"நட்டம் இருக்கு, அத்தான்," என்றான் அருள்நேசன். மேலங்கிப் பையிலிருந்து கடிதமொன்றை எடுத்து நீட்டினான். "நேற்றுத்தான் வந்தது. உங்களைக் கண்டதும் தருவமெண்டு வைச்சிருந்தனான்."

எழுதியிருந்தவன் முருகேசன், குகதாசனின் மாமி மகன், வவுனியாவில் வாத்தியார். கோடையில் எடுத்த ஹோட்டல் புகைப்படத்தை, 'மச்சானின் சொந்த ஹோட்டல்' என்று பின்னால் எழுதிக் குகதாசன் மாமிக்கு அனுப்பியிருந்தார். அதை நம்பி, மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப மாமி காணியை விற்றுவிட்டாள். முருகேசன் வேலையை விட்டுவிட்டு, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்காகக் காத்திருந்தான். வருகிற வெள்ளிக்கிழமை பயணம். 'உங்கள் ஹோட்டலில் எனக்கொரு எழுத்து வேலை தாருங்கள்' என்று முடித்திருந்தான்.

"உயிருக்குப் பயந்து வாறவனை வரவேண்டாமெண்டு நான் சொல்லமாட்டன். நானும் அப்பிடி வந்தவன்தானே," என்றான் அருள்நேசன். "ஆனா, இஞ்ச இருக்கிறதைத் தெரிஞ்சுகொண்டு வரட்டும். எனக்கே அடுத்த வருசம் விசா நீட்டுவாங்களோ தெரியாது. நான் அவனுக்கு எந்த வேலையைக் குடுக்கிறது?"

குகதாசன் கடிதத்தை இரண்டுமுறை வாசித்தார். கேபிள் காரை யாரும் நினைக்கவில்லை. தபாற்கந்தோர் டெலிபோனில், கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு நாலாம் முறைதான் லொட்ஜுக்கு லைன் கிடைத்தது.

"தம்பி முருகேசு... அது மச்சான்ர ஹோட்டல் இல்லையடா. அவன் அங்க கோப்பை கழுவுறான். நான் பொய் எழுதினனான்."

மறுமுனையில், "நான் வேலையை விட்டிட்டனே, அத்தான்," என்ற குரல் மட்டும் கேட்டது. குகதாசன் கண்ணாடிக் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, "என்ர பிழை, என்ர பிழை," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

முருகேசன் அந்த வெள்ளிக்கிழமை விமானம் ஏறவில்லை. சித்திரையில் அவனுடைய கடிதம் லண்டனுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் அவன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். ரியூசன் கொடுத்துக் காலம் தள்ளுகிறானாம். ஏஜென்சிக்காரனிடம் கட்டிய காசு திரும்பவில்லை; காணி போனது போனதுதான். மாமி ஒரு வரிகூட எழுதவில்லை.

"ஒரு சின்னப் பொய்தானே எண்டு நினைச்சனான்," என்று முணுமுணுத்தார் குகதாசன்.

கலாவதிக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை.

"லண்டனில அது சின்னப் பொய்தான். ஊரில அதை நம்பி ஒரு தாய் காணியை விக்கிறாள், பிள்ளை வேலையை விடுறான். கோப்பை கழுவுறதில ஒரு வெக்கமும் இல்லை. அதை மறைக்கப் பொய் சொல்லி, இன்னொருத்தன்ர சீவியத்தைக் கெடுக்கிறதுதான் வெக்கம். வெளிநாட்டில இருக்கிற நாங்கள் ஊருக்கு வேற எதை அனுப்பாட்டிலும் உண்மையை அனுப்போணும்."