கேத்ரினுக்கு ஊற்றிய தண்ணீர்

குறைமாதப் பிள்ளைகளின் வார்டுக் கதவுக்கு வெளியே அன்று காலை நின்றவர்கள் சூசைரட்ணம், அவர் மகன் கிளைவ், மருமகள் நிரோஜினி. உள்ளே தாதி மிஸ் குசும், எடுபிடி வேலைக்கு அட்டண்டன் மாலனி. கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு நிரோஜினியின் பெண்பிள்ளை. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

உட்கார ஒரு பெஞ்சும் இல்லை. நிரோஜினி வயிற்றுத் தையலைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். இரவு பிள்ளைக்கு மூச்சு முட்டியது என்று வார்டில் சொன்னதோடு சரி. இப்போது எப்படி என்று உள்ளேயிருந்து எந்தத் தகவலும் இல்லை. கிளைவ் எட்டிப் பார்த்தபோதெல்லாம் மாலனி, “எளியட்ட யன்ன!” என்று சிங்களத்தில், மாடு விரட்டுவதுபோல வெளியே விரட்டினாள்.

சூசைரட்ணம் கழுத்துப் பொத்தான்வரை போட்டு நிமிர்ந்து நின்றார். நோட்டன் பிரிட்ஜ் தேயிலைத் தோட்டத்தில் துரைக்கு முன்னாலும் தலை சொறியாதவர்.

“ஞானஸ்நானம் இல்லாமயே போயிருமோ மாமா? மிஸ் கால்ல விழுந்தாவது கேளுங்க.”

“நம்ம வீட்டுல யாரும் யாரு கால்லயும் விழுந்ததில்லம்மா.”

“அப்ப நான் விழுறேன்.”

அவள் குனியப் பார்த்தாள். தையல் இழுத்து, முகம் வெளுத்தது.

சூசைரட்ணம் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் தள்ளி உள்ளே போனார். மாலனி கையை நீட்டி மறித்தாள்.

“மிஸ்,” என்றார் குசுமிடம், குரலை உயர்த்தாமல். “பேத்திக்கு ஞானஸ்நானம் குடுக்கணும். உசுருக்கு ஆபத்துன்னா பாதருக்குக் காத்திருக்க வேணாம், நாங்களே ஊத்தலாம். எங்க வேதத்துல இருக்கு.”

குசும் கதவுப்பக்கம் பார்த்தாள். நிரோஜினி கண்ணில் பட்டதும் மாலனியைச் சிங்களத்தில் அதட்டினாள். தன் மேசையடி நாற்காலியைத் தானே தூக்கி வந்து நிரோஜினிக்குப் போட்டாள்.

“ஐயா, பேபி சாகப் போறது இல்ல. ராத்திரி கஷ்டம். இப்ப நல்லம்.”

“அத விடியக்காலையிலயே சொல்லியிருக்கலாமே மிஸ்?”

“சொல்லியிருக்கத்தான் வேணும்,” என்றாள் குசும், நிலத்தைப் பார்த்து.

“நல்லதுன்னாலும் ஊத்திறலாம் மிஸ்,” என்றான் கிளைவ், வாசலில் நின்றபடி அவசரமாக.

குசும் சிரித்துவிட்டாள். குழாய்த் தண்ணீர் வேண்டாமென்று, ஊசிமருந்து கலக்கும் சுத்தத் தண்ணீர்க் குப்பியொன்றை உடைத்துக் கொடுத்தாள். நிரோஜினி உள்ளே வந்து முழங்கைவரை கை கழுவிப் பெட்டியின் துளைக்குள் விரல்களை விட்டாள். பிறந்ததிலிருந்து அப்போதுதான் பிள்ளையைத் தொட்டாள்.

“கேத்ரின், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேரால உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.”

நிரோஜினி சொல்லிச் சொட்டிய துளி பட்டதும் பிள்ளை நெற்றியைச் சுருக்கியது.

“ஆ, கோவம்! தாத்தா மாதிரி,” என்றாள் குசும்.

இந்தச் செய்தி தோட்டத்துக்குப் போனபோது உருமாறிப் போனது. ஆஸ்பத்திரியிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டார்கள், பிள்ளை போய்விட்டது என்று லயத்து வீடுகளிலெல்லாம் பேச்சு. அடக்கத்துக்கு வெள்ளைத் துணிகூட வாங்கிவிட்டார்களாம்.

பிள்ளை போகவில்லை. அன்று மாலை தாய்ப்பால் குழாய்வழி இறங்கியது. கேத்ரின் அதைக் கக்கவில்லை.