ஒரே ஆயுள் என்று எழுதிய வரி

மாலைக்குள் நிரல் பிழையில்லாமல் ஓடினால்தான் அவளை வேலையிலிருந்து விடுவிப்பார்கள். விடுவித்தால்தான் திங்கட்கிழமை வேறு ஊரில் புது வேலை. நிரலைச் சரிபார்க்கும் கம்பைலரோ பிடித்த பிடியை விடுவதாயில்லை.

ஒரு பிழையைத் திருத்தினால் அது மூன்று குட்டி போட்டது. ‘இந்தத் தரவு எவ்வளவு காலம் உயிரோடிருக்கும், தெளிவாகச் சொல்’ என்று கம்பைலர் கேட்க, அவளும் காலையிலிருந்து நிரலின் ஒவ்வொரு துண்டான ஃபங்ஷனின் தலையிலும் ஆயுள் குறி எழுதிக்கொண்டே வந்தாள். எழுத எழுத அடுத்த ஃபைலில் சிவப்புக் கோடு. புலி வாலைப் பிடித்த கதைதான்.

அதே டீமில் இருக்கும் கணவன், எதிர் மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். புது வேலைக்கு அவள் சரி சொன்ன நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. வீடே ஆபீஸ் என்பதால் எழுந்து போகவும் இடமில்லை.

மாமியார் காபி கொண்டுவந்து வைத்தார். “நல்லா ஊமை நாடகம் போடுறீங்க. டிக்கெட் வாங்கித்தான் பார்க்கணும் போல.”

அவர் போனதும், அவள் எழுதிய குறிகளையெல்லாம் அழித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த சின்ன ஃபங்ஷனைத் திறந்தாள். செட்டிங்ஸ் அடங்கிய பெரிய உரையும், படித்ததும் தூக்கியெறியும் ஒரு வரியும் அதற்குள் போகும். உரையிலிருந்து ஒரு பெயர் வெளியே வரும். ஆனால் உரைக்கும் வரிக்கும் ஒரே ஆயுள் என்று எழுதியிருந்தது. பெயர் தேவைப்படும் காலம் முழுக்க அந்த வரியையும் தூக்கியெறிய முடியாது.

“ஏங்க, இது நீங்க எழுதினதுதானே?”

“ம்.” அவன் திரும்பவில்லை.

“ரெண்டுக்கும் ஒரே ஆயுள் எதுக்கு? பேரு இந்த வரியிலேர்ந்து வரவே இல்லையே.”

“அவசரத்துல போட்டது. தப்புதான்.”

குரலில் வியப்பே இல்லை. அவள் அவன் முதுகையே பார்த்தாள். “உங்களுக்குத் தெரியும்.”

“நேத்தே தெரியும்.”

“காலையிலேர்ந்து சுவத்துல முட்டிக்கிட்டிருக்கேன். வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்திருமா?”

“சொல்லியிருந்தா நேத்தே கிளம்பியிருப்பே.”

கோபம் வரவேண்டிய இடத்தில் அவள் விசைப்பலகைக்குத் திரும்பினாள். வரிக்குத் தனி ஆயுள் குறி கொடுத்து ஓடவிட்டாள். எல்லா ஃபைலிலும் சிவப்பு மறைந்தது.

“இந்தத் திருத்தத்துக்கு நீங்கதான் ஒப்புதல் கொடுக்கணும்.”

“கொடுக்கலேன்னா?”

“இங்கேயே இருப்பேன். இதே மாதிரி, பேசாம.”

அவள் மாற்றிய வரியை அவன் தன் திரையில் திறந்தான். பிறகு ஒப்புதல் பொத்தானை அழுத்தினான்.

இனி அவளைப் பிடித்துவைக்க ஒரு பிழைகூட மிச்சமில்லை. ஆனாலும் நாற்காலியை விட்டு எழ அவளுக்குக் கால் வரவில்லை.