இரண்டு பெட்டிகளும் ஒரு பாம்புக்காதும்

முதலாளி இரண்டு பெட்டிகளையும் ஒரு துண்டால் போர்த்தி மூடினார். தலை துவட்டுகிற துண்டு, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. அடியில் இருந்தவையோ, அவர் மாதக்கணக்கில் அலசி ஆராய்ந்து, பிடிக்காததைத் திருப்பித் தந்துவிடுவதாகக் கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தவை. கணினிக்குள் வெறும் எண்களாகக் கிடக்கிற பாட்டைக் காதுக்குக் கேட்கிற சத்தமாக மாற்றித் தருகிற பெட்டிகள். 'டேக்' என்பார்கள். அந்த வேலையை ஆம்ப்ளிஃபயரே உள்ளுக்குள் செய்துவிடும், ஆனால் ஏனோதானோவென்று செய்யும் என்பது முதலாளியின் கட்சி. தனியாக ஒரு பெட்டி வைத்தால்தான் பாட்டுக்கு உயிர் வருமாம். இரண்டில் எது என்று சொல்வதற்காகப் பாம்புக்காதை வீட்டுக்கே கூப்பிட்டிருந்தார்.

பாம்புக்காது சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முதலாளியின் ஸ்டூடியோவில் அவளுக்கு அதுதான் பெயர். இயற்பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. புத்தகங்களை ஆள் வைத்து வாசித்துப் பதிவு செய்து விற்கிற ஸ்டூடியோ. வாசிக்கிறவரின் உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம், நாற்காலியின் முனகல், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்தது என்று எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்து, வெறும் குரலை மட்டும் மிச்சம் வைப்பது அவள் வேலை. வாசிப்பவரின் பல் ஆடுவதைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள் என்று அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. கதை பாதிதான் உண்மை. ஆனால் அவள் மறுத்ததும் இல்லை.

இப்போது அந்தக் கதையை யாராவது எடுத்தாலே அவள் பேச்சை மாற்றினாள்.

கணவனுக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் முதலில் தெரிந்தது. வெப்பமானியை அவன் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு, அது கூவுவதற்காகக் காத்திருந்தாள். அது கூவவே இல்லை. கடைசியில் அவனே வாயிலிருந்து எடுத்து, "எவ்வளவு நேரமா கத்துது, எங்க பார்த்துட்டு இருக்கே?" என்றான். ஏதோ யோசனை என்று சமாளித்தாள். மறுநாள் ஸ்டூடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு, மேலே மேலே ஏறிப் போகிற ஒரு சோதனை ஒலியைப் போட்டுப் பார்த்தாள். திரையில் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. அவள் காதில் அது பாதி வழியிலேயே நின்றுபோனது. டாக்டரிடம் போகவில்லை. போனால் அது உண்மையாகிவிடும் என்ற பயம்.

அதற்குப் பிறகு அவள் கண்ணால்தான் கேட்டாள். சத்தத்தை நிறம் நிறமாகத் திரையில் விரித்துக் காட்டுகிற படம் ஒன்று உண்டு. கீச்சென்ற ஒலி இருந்தால் மேலே மெல்லிய கோடாகத் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, தெரிகிற கோட்டையெல்லாம் துடைத்தாள். தப்பிப் போனதை, அவளுக்குப் பிறகு ஒருமுறை கேட்கிற இரண்டாவது ஆள் பிடித்துவிடுவார். அப்படியே ஒப்பேறிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் திரை இல்லை. துண்டு மட்டும்தான் இருந்தது.

"ரெண்டையும் ஒரே அளவு சத்தத்துல வெச்சிருக்கேன்" என்றார் முதலாளி. "ஒண்ணு துளி கூடினாலும் காது அதைத்தான் நல்லதுன்னு சொல்லும். உங்களுக்குத் தெரியாததா?"

"ஆமா சார்."

"வழக்கம்போல கண்ணை மூடிக்கோங்க."

கண்ணை மூடிக் கேட்பது அவள் கொண்டுவந்த பழக்கம். புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் அவளே சொல்லிக் கொடுத்தது. மூடினாள். பக்கத்தில் கணவன் உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக். பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழேயே நிற்கிறேன் என்றவனை முதலாளிதான் மேலே இழுத்து வந்திருந்தார்.

ஒரு பெண் பாடினாள். பிறகு அதே பெண் அதே வரியைப் பாடினாள். பாம்புக்காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. இரண்டிலும் அந்தப் பெண் ஒரு போர்வைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பாடுவதுபோல் இருந்தது.

"முதல்ல வந்தது கொஞ்சம் விரிவா இருக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "ரெண்டாவது நெருக்கமா இருக்கு."

இதை எந்தப் பெட்டிக்கும் சொல்லலாம். முதலாளி "ம்ம்" என்றார். அந்த "ம்ம்" அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் முதலாளியின் மனைவி உள்ளிருந்து வந்தாள். பல் டாக்டர். "என்னங்க இது, ஞாயித்துக்கிழமையும் கிளினிக்ல இருக்கற மாதிரியே இருக்கு. பல்லு குடையற மெஷின் மாதிரி ஏதோ கீச்சுங்குது பாருங்க."

பாம்புக்காது காதைத் தீட்டிக்கொண்டாள். கண்ணைத் திறக்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் குரலைத் தவிர அறையில் அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

"கேக்குதுல்ல?" என்றார் முதலாளி. யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"கேக்குது சார்" என்றாள்.

"ரெண்டு பெட்டில ஒண்ணுலதான் வருது. மாத்தி மாத்திப் போடறேன். எதுலன்னு சொல்லிடுங்க. நான் சொல்றதைவிட நீங்க சொன்னா கடைக்காரன் வாயைத் திறக்க மாட்டான்."

சரி, தப்பு இரண்டில் ஒன்று. குருட்டாம்போக்கில் சொல்லலாம். தப்பாகிவிட்டால் குட்டு உடைந்துவிடும். நாளைக்கே வேறு காது தேடுவார்கள். இந்த வயதில், இந்த ஒரு வேலையைத் தவிர வேறெதுவும் தெரியாமல், அவள் யாராக இருப்பாள்? பெயரையே காதில் வைத்துக் கொடுத்துவிட்டார்களே. பாட்டு நின்று மறுபடி ஆரம்பித்தது. இது முதல் பெட்டி.

ஒன்றுமில்லை.

மறுபடி நின்று ஆரம்பித்தது. இது இரண்டாவது. கணவனின் முழங்கால் அவள் முழங்காலில் லேசாக இடித்தது. தற்செயல் என்றுதான் நினைத்தாள். முதல் பெட்டிக்குப் போனபோது கால் விலகியது. இரண்டாவதற்கு வந்தபோது மறுபடி இடித்தது. இந்தமுறை அங்கேயே அழுத்திக்கொண்டு நின்றது.

அது தற்செயல் இல்லை.

"ரெண்டாவது" என்றாள்.

முதலாளி பாட்டை நிறுத்திவிட்டுத் துண்டை உருவினார். "பார்த்தியா? நான் சொல்லலே?" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இது கீச்சிடுதுன்னு எனக்கு நேத்தே தெரியும். போன வாரம் ஒரு புத்தகத்துல இதே மாதிரி ஒரு சத்தத்தை விட்டுட்டீங்க. ரெண்டாவதா கேக்கறவர் வந்து சொன்னதும் எனக்கு மனசே கேக்கலை. இவங்களா, இருக்கவே இருக்காதுன்னு. சும்மா ஒரு சந்தேகம். இப்பத் தீந்துபோச்சு."

"அசதில விட்டிருப்பேன் சார்."

"எல்லாருக்கும் வரதுதான். ஒண்ணு செய்யறேன். நாளையிலேருந்து அந்த ரெண்டாவது ஆளைப் பதிவு ரூமுக்கு அனுப்பிடறேன், அங்கதான் ஆள் பத்தலை. உங்களுக்குப் பின்னாடி இன்னொரு ஆள் எதுக்கு? நீங்க கேட்டா போதும். அப்படியே வெளியில போகட்டும்."

தலையை ஆட்டினாள். எப்படி ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பிழைத்துக்கொண்டோம் என்று ஒரு கணம் மனசு குதித்தது. அடுத்த கணமே, தனக்குப் பின்னால் யாருமே இல்லாமல் வரிசையாக வெளியே போகப்போகிற புத்தகங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. அவள் கேட்காத சத்தமெல்லாம் அவளை விலாசமாகப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் போகும். பல் டாக்டர் காபி கொண்டுவந்தாள். அவள் அதை வாங்கி அப்படியே கீழே வைத்தாள்.

லிஃப்டில் அவர்கள் இருவர் மட்டும். கணவன் நான்காவது மாடியிலிருந்து கீழே போகிற பொத்தானை அழுத்திவிட்டு, வழக்கம்போலத் தலையைச் சாய்த்து மேற்கூரையைப் பார்த்தான். எந்த லிஃப்டில் ஏறினாலும் அவனுக்கு அந்தப் புத்தி.

"மேல கப்பி ஒண்ணு சன்னமா கத்துது. கேக்குதா?"

"கேக்குது" என்றாள்.

"கத்தலை" என்றான். "சும்மாத்தான் கேட்டேன்."

அவள் லிஃப்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவளின் கோபம்தான் முதலில் வந்தது. "அங்க என்னைக் காப்பாத்திட்டு, இங்க வந்து குத்துறீங்களா?"

"காப்பாத்துனேனான்னு தெரியலை. பொய் சொல்லக் கை கொடுத்துட்டேனோன்னு இருக்கு. உன் முகத்தைப் பார்த்தேன், கால் தானா போயிடுச்சு." அவன் தன் முழங்காலைப் பார்த்தான். "நாளைக்கு ஸ்டூடியோவுக்கு என் காலைக் கழட்டியா கொடுத்து அனுப்ப முடியும்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "எப்பலேருந்து தெரியும்?"

"வாசல் மணி ஏன் மாத்துனேன்னு நினைச்சே? பழசு நல்லாத்தான் இருந்துச்சு. நீதான் திறக்க வரலை."

மணி கெட்டுப்போய்விட்டது என்று அவன் சொன்னதை அவள் நம்பியிருந்தாள். கணீரென்று கனமாக அடிக்கிற புது மணி நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருந்தாள். இத்தனை நாளும் அவன் அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறான். அவனுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும்.

"எனக்குக் கேக்கலை" என்றாள். "மேல போற சத்தம் எதுவுமே கேக்கலைங்க. இன்னும் என்னென்ன போயிடுச்சுன்னுகூட எனக்குத் தெரியாது."

லிஃப்ட் கீழே வந்து நின்றது, கதவு திறந்தது. வெளியே கை நிறையப் பைகளோடு ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் இறங்குவதற்காக ஒதுங்கினாள். இருவரும் நகரவில்லை. அந்தப் பெண்மணி காத்திருந்து பார்த்துவிட்டு, உள்ளே வந்து பைகளைத் தரையில் வைத்து, தன் மாடிக்கான பொத்தானை அழுத்தினாள்.

"நீங்களும் மேலதானா? எத்தனாவது?"

கணவனின் விரல் நான்காவது மாடிப் பொத்தானின் அருகே போய் அந்தரத்தில் நின்றது. அவன் எதையும் அழுத்தவில்லை. மனைவியைப் பார்த்தான். கதவு மூட ஆரம்பித்தது.